பழைய நிரல், புதிய கணினி: கல்லா திறக்கவில்லை, தராசு பேசவில்லை என்றால் எங்கே தேடுவது

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அதை ஒட்டி சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கத்து மளிகைக்கடைகளிலும் காக்கி புக்கிட், ஊபி பட்டறைகளிலும் கணினிகள் மாறின. உள்ளே ஓடும் பில் நிரலும் இயந்திரத்தை ஓட்டும் நிரலும் அப்படியே இருந்தன. அன்றிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் திரும்பத் திரும்ப ஒரே ஏழு குறைகள்தான். ஒவ்வொரு முறையும் நான் எந்த வரிசையில் பார்க்கிறேனோ அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

பழைய நிரல் போர்ட்டில் (சாதனங்களோடு பேசும் வாயில்) நேராக எழுதியது. போய்ச் சேர்ந்ததா என்று அது கேட்கவில்லை, கேட்டாலும் சொல்ல ஆள் இல்லை. இன்று அதே வேலையை இயங்குதளத்தின் ஃபங்ஷனை (அது தயாராக வைத்திருக்கும் கட்டளைத் தொகுப்பை) கூப்பிட்டுச் செய்யச் சொல்ல வேண்டும். அது செய்துவிட்டுப் பதில் தரும், முடியாவிட்டால் காரணத்தை எண்ணாகத் தரும். நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை அந்தப் பதிலை யாரும் படிக்காமல் விட்டதால் வந்தவை. அதனால் மூல நிரல் (நிரலர் எழுதிய வரிகள்) கையில் இருந்தால் முதலில் ஒன்று செய்யுங்கள்: ஒவ்வொரு அழைப்பும் தோற்ற உடனேயே, நடுவில் வேறு எதையும் கூப்பிடாமல், கெட்லாஸ்ட்எரர் (கடைசிப் பிழையின் எண்ணைச் சொல்லும் ஃபங்ஷன்) தரும் எண்ணை ஒரு கோப்பில் எழுத வையுங்கள். கீழே வரும் பாதிச் சோதனைகள் அந்த எண்ணிலேயே முடிந்துவிடும்.

## எதையும் தொடுவதற்கு முன்

பழைய கணினியைக் கழிவுக்குப் போடாதீர்கள். அதன் ஹார்ட் டிஸ்க்கை முழுதாக நகல் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். மூல நிரல், நிரலின் அமைப்புக் கோப்பு, போர்ட் எண்கள் எல்லாம் பல நேரம் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கும். நகல் இல்லாத இடத்தில் நான் வேலையைத் தொடங்குவதே இல்லை.

## குறை 1: நிரல் திறக்கவே இல்லை

### "இந்தக் கணினியில் இயங்காது" என்று செய்தி வருகிறது

16-பிட் நிரல் என்று எடுத்துக்கொள்ளலாம். 32-பிட் விண்டோஸ் 10 வரை என்டிவிடிஎம் என்ற பகுதி டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) நிரலுக்குப் போலிப் போர்ட்டுகளைக் காட்டி நடத்திக்கொண்டு இருந்தது. 64-பிட் விண்டோஸில் அந்தப் பகுதி கிடையாது, விண்டோஸ் 11-க்கு 32-பிட் வடிவமும் இல்லை. "நேற்று வரை ஓடியதே" என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான்.

செலவில்லாத வழி டாஸ்பாக்ஸ், டாஸ் கணினியைப் போல நடிக்கும் நிரல். அதன் அமைப்புக் கோப்பில் சீரியல் போர்ட்டை உண்மையான காம் போர்ட்டோடு (கணினியின் சீரியல் துளை) இணைக்க முடியும். ஆனால் அது விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. கணக்குத் தரவை அதில் ஓட்டினால் தினமும் நகல் எடுத்தே ஆக வேண்டும். அடுத்த வழி, மெய்நிகர் கணினிக்குள் (கணினியில் நிரலாக ஓடும் இன்னொரு கணினி) பழைய 32-பிட் விண்டோஸை நிறுவி, அதற்கு இணையத்தைத் துண்டித்து, காம் போர்ட்டை மட்டும் உள்ளே கொடுப்பது. ஒரு கடையை ஓரிரு வருடம் நகர்த்த இது போதும். மூன்றாவது வழி திருப்பி எழுதுவது. செலவு அதிகம், ஆனால் மூல நிரல் இருந்தால் பயப்படும் அளவுக்கு இல்லை.

### "ரன்டைம் எரர் 200" என்று வந்து நிற்கிறது

டர்போ பாஸ்கல் என்ற பழைய நிரல்மொழியில் எழுதியது. அதன் சிஆர்டி யூனிட் (திரை, விசைப்பலகை வேலைக்கான பகுதி) தொடங்கும்போதே கணினியின் வேகத்தை அளந்து ஒரு வகுத்தல் செய்யும். வேகமான கணினியில் விடை தனக்குரிய இடத்தில் அடங்காமல் வழியும், அது பூஜ்யத்தால் வகுத்த பிழையாகக் காட்டப்படும். வன்பொருளில் குறை இல்லை. திருத்திய சிஆர்டி யூனிட்டோடு மறுபடி தொகுத்தால் சரியாகும். மூல நிரல் இல்லாவிட்டால் நிரல் கோப்பையே திருத்தும் சிறு கருவிகள் உண்டு, நகலின் மேல் மட்டும் ஓட்டுங்கள்.

## குறை 2: திறக்கிறது, ஒரு பொத்தானை அழுத்தியதும் மூடிக்கொள்கிறது

விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவைத் திறந்து, மூடிய நேரத்துக்கு உரிய பிழையில் விதிவிலக்கு எண்ணைப் பாருங்கள். சி0000096 என்று இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். சலுகை பெற்ற கட்டளையைச் சாதாரண நிரல் இயக்கப் பார்த்தது என்று அதற்குப் பொருள். விண்டோஸ் 95, 98 காலத்தில் நிரல் போர்ட்டை நேராகத் தொடலாம். என்டி வழியில் வந்த 2000, எக்ஸ்பி முதல் இன்று வரை தொட முடியாது.

மூல நிரல் இருந்தால் இன்போர்ட், அவுட்போர்ட் போன்ற சொற்களைத் தேடிப் பட்டியல் எடுங்கள். ஒவ்வொரு முகவரியும் எந்தச் சாதனம் என்று பக்கத்தில் எழுதுங்கள்: 378 என்றால் பேரலல் போர்ட், 3எஃப்8 என்றால் காம்1, 2எஃப்8 என்றால் காம்2, 40 முதல் 43 வரை டைமர், 61 என்றால் ஸ்பீக்கர். எல்லாம் பதினாறடிமான எண்கள். சாதனம் தெரிந்துவிட்டால் எந்த ஃபங்ஷன் வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மூல நிரல் இல்லாதவர்கள் போர்ட்டைத் தொட வழிவிடும் இன்பவுட்32 போன்ற டிரைவரைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். நானும் போட்டிருக்கிறேன். ஆனால் அது கணினியில் ஓடும் எந்த நிரலுக்கும் போர்ட்டுகளைத் திறந்துவிடுகிறது. வலைப்பின்னலில் இல்லாத, ஒரே வேலை செய்யும் பட்டறைக் கணினி என்றால் சரி. கார்டு கட்டணக் கருவியும் இணையமும் இருக்கிற கடைக் கணினியில் அதைப் போட நான் சம்மதிப்பதில்லை. அங்கே மெய்நிகர் கணினி வழிக்குப் போங்கள், இல்லாவிட்டால் நிரல் எழுதுபவரைக் கூப்பிடுங்கள்.

## குறை 3: ரசீது வரவில்லை, அல்லது ரசீது வருகிறது, கல்லா திறக்கவில்லை

தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு மளிகைக்கடையில் இருந்து அழைப்பு. "தம்பி, ரசீது வருது, கல்லா திறக்கமாட்டேங்குது" என்றார் கல்லாவில் இருந்த அக்கா. சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கையால் திறந்துகொண்டிருந்தார், வரிசை ஐந்தடி வழி வரைக்கும் நின்றது. அன்று கற்றுக்கொண்ட வரிசை இது.

### முதலில் கேபிள்

கல்லாப்பெட்டியின் கேபிள் கணினிக்குப் போகாது, பிரிண்டரின் பின்னால் போகும். பார்க்கத் தொலைபேசிக் கேபிள் மாதிரியே இருப்பதால் கணினி மாற்றும்போது எங்காவது தவறாகச் செருகிவிடுகிறார்கள். பிறகு பிரிண்டரை அணைத்து, காகிதம் நகர்த்தும் பொத்தானை அழுத்திக்கொண்டே போடுங்கள். பெரும்பாலான ரசீது பிரிண்டர்கள் சுயசோதனைத் தாள் ஒன்றை அச்சிடும். தாள் வந்தால் பிரிண்டர் நல்ல நிலையில் இருக்கிறது.

### ரசீதே வரவில்லை என்றால்

நிரல் 378 என்ற முகவரிக்கு எழுதுகிறதா, பேரலல் போர்ட்டின் பெயரான எல்பிடி1-க்கு எழுதுகிறதா என்று பிரித்துப் பாருங்கள்.

378-க்கு எழுதுகிறது என்றால், புதிய கணினியில் சொருகிய பேரலல் அட்டை அந்த முகவரியில் இருப்பது அரிது. டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் ரிசோர்சஸ் பக்கத்தில் உண்மையான முகவரி தெரியும். நிரலின் அமைப்பில் முகவரியை மாற்ற இடம் இருந்தாலும், குறை 2-இல் சொன்ன தடை விலகினால்தான் பயன் உண்டு. யூஎஸ்பி-யில் இருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிளை வாங்கிவிட்டுக் கூப்பிடுபவர்கள் அதிகம். அந்தக் கேபிளுக்கு முகவரியே கிடையாது. விண்டோஸுக்கு அது ஒரு யூஎஸ்பி பிரிண்டர், அவ்வளவுதான். போர்ட்டில் நேராக எழுதும் நிரலுக்கு அது ஒருநாளும் உதவாது.

எல்பிடி1 என்ற பெயருக்கு எழுதுகிறது என்றால் வேலை எளிது. பிரிண்டரை வலைப்பின்னலில் பகிருங்கள், நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1-ஐ அந்தப் பகிர்வோடு இணையுங்கள். கடைசியில் பெர்சிஸ்டென்ட் யெஸ் சேர்க்க மறந்தால் மறுநாள் காலை இணைப்பு இருக்காது, அழைப்பு திரும்ப வரும்.

### ரசீது வருகிறது, கல்லா மட்டும் இல்லை என்றால்

கல்லாவைத் திறக்கும் கட்டளை ஐந்து பைட்டுகள்: 27, 112, 0, 25, 250. பழைய நிரல் அவற்றை அப்படியே போர்ட்டில் தள்ளியது. புதிய வழியில் ஓபன்பிரிண்டர், ஸ்டார்ட்டாக்பிரிண்டர், ஸ்டார்ட்பேஜ்பிரிண்டர், ரைட்பிரிண்டர் என்று வரிசையாகக் கூப்பிட்டு, முடிவில் பக்கத்தையும் ஆவணத்தையும் மூட வேண்டும். இங்கே மூன்று இடங்களில் வழுக்குகிறது.

ஒன்று, ஆவண வகை "ரா" (மாற்றாமல் அப்படியே அனுப்பு) என்று கொடுக்காமல் விடுவது. அப்போது டிரைவர் அந்த பைட்டுகளை எழுத்தாக நினைத்து அச்சிடப் பார்க்கும், ரசீதில் தனியாக ஒரு "பி" எழுத்து விழும். 112 என்பது சிறிய பி-யின் எண். அந்த எழுத்தைக் கண்டால் காரணம் அதுதான்.

இரண்டு, மூன்றாவது பைட். 0 என்றால் இணைப்பியின் 2-ஆம் முனை, 1 என்றால் 5-ஆம் முனை. கல்லாப்பெட்டி மாறியிருந்தால் 1 போட்டுப் பாருங்கள். கடைசி இரண்டு எண்கள் துடிப்பு நீளம், அலகு 2 மில்லிவினாடி. 25 என்றால் 50 மில்லிவினாடி.

மூன்று, எண்ட்டாக்பிரிண்டரை மறப்பது. அச்சு வரிசையைத் திறந்து பார்த்தால் வேலை "ஸ்பூலிங்" என்றே நிற்கும். அந்த அக்காவின் கடையில் இருந்தது இதுதான். நிரலை மாற்றியவர் ரசீதுக்கு எல்லாம் ஒழுங்காக மூடியிருந்தார், கல்லாவுக்கு மட்டும் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. ரைட்பிரிண்டர் வெற்றி என்று சொன்னதே என்று அவர் அதோடு நிறுத்திவிட்டார். வரிசையில் சேர்ந்தது என்பதற்கு மட்டும்தான் அந்த வெற்றி.

### எப்போது ஆளைக் கூப்பிடுவது

"டக்" என்ற ஒலி கேட்டும் பெட்டி திறக்கவில்லை என்றால் குறை பூட்டில் இருக்கிறது, விற்றவரைக் கூப்பிடுங்கள். ஒலியே இல்லை என்றால் வேறு கல்லாப்பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிப் பார்க்கும் முன் மின்னழுத்தத்தைப் படியுங்கள். 12 வோல்ட் பெட்டியும் உண்டு, 24 வோல்ட் பெட்டியும் உண்டு, மாற்றிப் போட்டால் சுருள் கருகும்.

## குறை 4: தராசு பேசவில்லை

இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன், ஏனென்றால் இங்கே தவறினால் ஒருவரின் பணம் தவறுகிறது.

### கிரியேட்ஃபைல் தோற்கிறது

போர்ட்டைத் திறக்கும் ஃபங்ஷன் இது. பிழை எண் 2 வந்தால் அந்தப் பெயரில் போர்ட் இல்லை. யூஎஸ்பி-யில் இருந்து சீரியலுக்கு மாற்றும் மாற்றியை வேறு துளையில் செருகினால் பல மாற்றிகள் புது காம் எண் வாங்கிக்கொள்ளும். டிவைஸ் மேனேஜரில் எண்ணைப் பாருங்கள். காம் எண் 10-ம் அதற்கு மேலும் என்றால் வெறும் பெயர் போதாது, முன்னால் \\.\ சேர்த்து \\.\காம்10 என்ற வடிவில் ஆங்கில எழுத்தில் கொடுக்க வேண்டும். சி மொழியில் ஒவ்வொரு பின்சாய்கோட்டையும் இரட்டிப்பாக்க மறக்காதீர்கள்.

எண் 5 வந்தால் போர்ட்டை வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள். தராசோடு வந்த சோதனை நிரல் பின்னணியில் திறந்திருக்கலாம், அல்லது உங்கள் நிரலின் முந்தைய பிரதி சாகாமல் கிடக்கலாம். டாஸில் இப்படி ஒரு தகராறே கிடையாது, அதனால் பழைய ஆட்களுக்கு இது தோன்றாது.

எண் 87, போர்ட்டின் அமைப்பை மாற்றும் செட்காம்ஸ்டேட்டில் வரும். அமைப்புப் பெட்டியான டிசிபி-யை வெறுமனே நிரப்பிக் கொடுத்திருப்பார்கள். முதலில் கெட்காம்ஸ்டேட்டால் இருப்பதை வாங்கி, வேண்டியதை மட்டும் மாற்றித் திருப்பிக் கொடுங்கள்.

### திறக்கிறது, ஒரு பைட்டும் வரவில்லை

தராசையும் கேபிளையும் கழற்றிவிட்டு, கணினியின் சீரியல் போர்ட்டில் 2, 3 முனைகளை ஒரு சிறு கம்பியால் இணைத்து, டெர்மினல் நிரலில் தட்டுங்கள். தட்டிய எழுத்து திரும்பி வந்தால் கணினிப் பக்கம் சரி. அப்புறம் கேபிள்: நேர் கேபிளா, 2-ம் 3-ம் மாறிய கேபிளா? சிம் லிம் டவரில் மாற்றும் இணைப்பி ஒன்று வாங்கிப் பையிலேயே வைத்திருங்கள், நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அதுவும் சரி என்றால் டிடிஆர், ஆர்டிஎஸ் கோடுகள், அதாவது கணினி தயார் என்று சாதனத்துக்குச் சொல்லும் கம்பிகள். பழைய நிரல் 3எஃப்சி முகவரியில் ஒரு பைட் எழுதி அவற்றை உயர்த்திவைத்தது. அந்த ஒற்றை வரி மாற்றத்தில் தவறிப்போகும், ஏனென்றால் பார்க்க முக்கியமானதாகத் தெரியாது. சில இடைமாற்றிகள் மின்சாரமே அந்தக் கோடுகளில் இருந்துதான் எடுக்கின்றன, கோடு தாழ்ந்தால் அவை உயிரற்றுக் கிடக்கும். டிசிபி-யில் இரண்டையும் இயக்கச் சொல்லுங்கள்.

### குப்பை எழுத்து வருகிறது

வேகமும் பாரிட்டியும் (பிழை பிடிக்கச் சேர்க்கும் பிட்) பொருந்தவில்லை. 9600 வேகத்தில் 8 பிட், பாரிட்டி இல்லை என்று எல்லோரும் போடுகிறார்கள். பழைய தராசுகளில் 7 பிட், இரட்டைப் பாரிட்டி சாதாரணம். தராசின் கையேடு இல்லை என்றால் பழைய டிஸ்க் நகலில் நிரலின் அமைப்பைப் பாருங்கள்.

### தராசை அணைத்தால் நிரல் உறைகிறது

போர்ட்டில் இருந்து படிக்கும் ரீட்ஃபைல் காத்துக்கொண்டே இருக்கிறது. செட்காம்டைம்அவுட்ஸ் கூப்பிட்டுக் கால வரம்பு கொடுங்கள். வரம்பு முடிந்து பூஜ்யம் பைட்டோடு திரும்பினால் "தராசு பதில் சொல்லவில்லை" என்று திரையில் காட்ட வேண்டும். முந்தைய எடையை அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

### எடை சில நேரம் மட்டும் தவறாக வருகிறது

இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் குறை. 12.450 கிலோ அரிசி பில்லில் 12.4 என்று விழும், அடுத்த முறை சரியாக விழும். பழைய நிரலில் பைட் ஒவ்வொன்றும் இன்டரப்ட் (வன்பொருள் தரும் குறுக்கீடு) வழியாக வந்தது, நிரல் வரிமுடிவு வரும் வரை சேர்த்துக்கொண்டது. புதிதாக எழுதியவர் ரீட்ஃபைலை ஒருமுறை கூப்பிட்டு வந்ததை முழு வரி என்று நம்பியிருப்பார். வந்தது பாதி வரியாக இருக்கலாம். எத்தனை பைட் வந்தது என்று ஃபங்ஷன் சொல்கிறது, அதைப் படித்து, 13 என்ற வரிமுடிவு பைட் வரும் வரை சேர்த்து, பிறகுதான் எண்ணாக மாற்ற வேண்டும். வரியின் நீளம் எதிர்பார்த்தபடி இல்லை என்றால் தூக்கி எறியுங்கள். சோதிக்கும்போது பத்து முறை போதாது, இருநூறு முறை எடை வாங்கிக் கோப்பில் எழுதிப் பாருங்கள்.

### எடை மெதுவாக வருகிறது

எஃப்டிடிஐ சிப் உள்ள மாற்றி என்றால் டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் மேம்பட்ட அமைப்பில் லேட்டன்சி டைமர் இருக்கும். இயல்பில் 16 மில்லிவினாடி. குறைத்தால் வேகம் தெரியும்.

### எங்கே நிறுத்த வேண்டும்

தராசின் சொந்தத் திரையிலேயே எடை தவறு என்றால் கையை எடுத்துவிடுங்கள். சிங்கப்பூரில் வணிகத்துக்குப் பயன்படும் தராசில் துல்லிய முத்திரை ஒட்டியிருக்க வேண்டும். உள்ளே திறந்து சரிசெய்வதும் மீண்டும் முத்திரை இடுவதும் அங்கீகாரம் பெற்றவர்களின் வேலை.

## குறை 5: இயந்திரம் மெதுவாக ஓடுகிறது, அல்லது தடுமாறுகிறது

பட்டறைகளில் வருவது. பேரலல் போர்ட் வழியாக ஸ்டெப்பர் மோட்டாருக்குத் துடிப்பு அனுப்பிய நிரலை யாரோ விண்டோஸுக்கு மாற்றி, இடைவெளிக்கு ஸ்லீப் 1 என்று எழுதியிருப்பார்கள். ஒரு மில்லிவினாடி கேட்டால் விண்டோஸ் இயல்பாகத் தருவது 15.6 வரை போகும். மோட்டார் நொண்டும். டைம்பிகின்பீரியட் 1 என்று கூப்பிட்டால் பெரிதும் சரியாகும், அளப்பதற்கு க்யூரிபெர்ஃபார்மன்ஸ்கவுன்டர் இருக்கிறது. பழைய டைமர் வினாடிக்கு 18.2 முறை தட்டியதை நம்பிய கணக்குகள் இருந்தால் அவற்றையும் மாற்றுங்கள்.

ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: விண்டோஸ் எந்த நேரத்தையும் உறுதியளிக்கவில்லை. நடுவில் அது வேறு வேலைக்குப் போய்விட்டு வரும். துடிப்பு துல்லியமாக வேண்டும் என்றால் அதை ஒரு சிறு மைக்ரோகன்ட்ரோலர் பலகைக்குக் கொடுங்கள், கணினி "இத்தனை அடி நகர்" என்று சீரியல் வழியாகச் சொன்னால் போதும். இரண்டு பட்டறைகளில் நிரலோடு வாரக்கணக்கில் மல்லாடிய பிறகுதான் நான் இதற்கு வந்தேன்.

ரிலேக்குப் பின்னால் 230 வோல்ட்டோ மூன்று கட்ட மின்சாரமோ இருந்தால் பெட்டியைத் திறக்காதீர்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். அவசர நிறுத்தப் பொத்தான் நிரல் வழியாகப் போகிறது என்று கண்டால் அன்றே முதலாளியிடம் சொல்லி இயந்திரத்தை நிறுத்துங்கள். அந்தப் பொத்தான் மின்சாரத்தை நேராக வெட்ட வேண்டும்.

## குறை 6: திரையில் எதுவும் வரவில்லை, அல்லது கட்டம் கட்டமாக வருகிறது

நிரல் பி8000 முகவரியில் திரை நினைவகத்தில் நேராக எழுதுகிறது. மெய்நிகர் கணினியில் பெரும்பாலும் தானே சரியாகும். திருப்பி எழுதுவதானால் ரைட்கன்சோல்அவுட்புட் ஏறக்குறைய அதே எழுத்தும் நிறமும் கொண்ட அமைப்பை எடுத்துக்கொள்கிறது, மாற்றுவது ஒரு நாள் வேலை. கோடுகள் மட்டும் வேறு எழுத்தாகத் தெரிந்தால் கோட்பேஜ் (எழுத்து அட்டவணை) 437-க்கு மாற்றிப் பாருங்கள்.

## குறை 7: ராஸ்பெரி பை மாற்றிய பின் ரிலே தட்டவில்லை

ராஸ்பெரி பை என்ற சிறு ஒற்றைப் பலகைக் கணினியிலும் அதே பழைய கதை. நிரல் நினைவக முகவரியை நேராகத் தொட்டிருக்கும். பை 2, 3-இல் 3எஃப்000000 என்று தொடங்கிய முகவரி, பை 4-இல் எஃப்இ000000 ஆனது. பை 5-இல் முனைகள் ஆர்பி1 என்ற தனிச் சிப்புக்கே போய்விட்டன, ஆர்பிஐ.ஜிபிஐஓ நூலகம் அங்கே வேலை செய்யாது. லிப்ஜிபிஐஓடி என்ற நூலகம் வழியாக லினக்ஸையே கேளுங்கள். சிப்பை எண்ணால் குறிக்காதீர்கள், கர்னல் மாறினால் எண் மாறுகிறது. பெயரால் தேடுங்கள்.

அனுமதி மறுப்பு வந்தால் ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள பயனராக) ஓட்டிவிட்டு நகர வேண்டாம். பயனரை முனைகளுக்கு ஜிபிஐஓ குழுவிலும் சீரியலுக்கு டயல்அவுட் குழுவிலும் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழையுங்கள். அப்படியும் தட்டவில்லை என்றால் மல்டிமீட்டரால் முனையில் 3.3 வோல்ட் வருகிறதா என்று அளந்து பாருங்கள். வந்தால் நிரல் சரி, பழைய ரிலே பலகை 5 வோல்ட் சிக்னல் கேட்கிறதா என்று அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.